'இதுல யாருடா பச்சை?'

உங்க ரூமிலும் ஒருத்தன் இருப்பானே... புதுசா எது கையில் கிடைச்சாலும் நாலு பேருக்குக் காட்டினால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். எங்க ஹாஸ்டல் ரூமில் அந்தப் புண்ணியவான் நான்தான்! ஃபைனல் இயரில் ஒருநாள் என் கையில் சிக்கியது, 'டிராகன் பால்' மங்காவின் முழு வண்ணப் பதிப்பு.

மங்கா பக்கம் ஒதுங்காதவங்களுக்கு ஒரு சின்ன முன்கதை. அகிரா தொரியாமா வரைந்த இந்த ஜப்பான் காமிக்ஸ், 'ஷோனென் ஜம்ப்' வார இதழில் 1984 முதல் 1995 வரை வந்தது. மொத்தம் 519 அத்தியாயம், 42 புத்தகம். வாரா வாரம் கெடு, மலிவான தாள்... கலர் அடிக்க ஏது நேரம்? எப்போதாவது முதல் சில பக்கங்கள் மட்டும் வண்ணத்தில் வரும். மற்றதெல்லாம் பெரும்பாலும் கறுப்பு-வெள்ளைதான். அதையே கம்ப்யூட்டரில் வண்ணம் தீட்டி, 2013-ல் ஜப்பானில் புத்தகமாகவும் போட ஆரம்பிச்சாங்க. 2014-ல் ஆங்கிலத்திலும் வந்துடுச்சு. தொரியாமா புள்ளி புள்ளியான ஸ்கிரீன்டோன் தாள்களை அதிகம் ஒட்ட மாட்டார். கோடு எல்லாம் பளிச். அதனால் கலர் அதில் அவ்வளவு அழகா உட்காருது!

என் ரூம்மேட் என்னைவிடப் பெரிய வெறியன். 42 புத்தகத்தையும் கறுப்பு-வெள்ளையில் கரைச்சுக் குடிச்சவன். அவன் மூஞ்சிக்கு நேரா டேப்லெட்டை நீட்டி, "மச்சி, பிக்கலோவோட பச்சையைப் பாரேன்!" என்றேன். சின்னப் பையன் கோஹானைக் காப்பாற்ற பிக்கலோ குறுக்கே வந்து நிற்கிற பக்கம். இங்கே நான் அழுதது தனிக் கதை.

பார்த்தான். "ம்... நல்லாருக்கு"ன்னு சுவர் பக்கம் திரும்பிப் படுத்துட்டான். எனக்குச் செம கடுப்பு. 'பழைய புத்தகத்துக்காரன்னு திமிரு'ன்னு நினைச்சுக்கிட்டேன். ராத்திரி பதினொன்றரைக்கு இருட்டில் குரல் வருது.

"டேய்... இதுல யாருடா பச்சை?"

நான் சிரிச்சேன். அவன் சிரிக்கலை.

அப்புறம்தான் சொன்னான். அவன் டிப்ளமோ முடிச்சு, லேட்டரல் என்ட்ரியில் வந்தவன். அதுக்கு நடுவில் ரயில்வே அசிஸ்டென்ட் லோகோ பைலட் பரீட்சை எழுதி பாஸும் பண்ணியிருக்கான். மெடிக்கல் டெஸ்ட்டில், புள்ளிகளுக்கு நடுவில் நம்பரைப் படிக்கச் சொன்னாங்களாம். "எனக்குப் புள்ளி மட்டும்தாண்டா தெரிஞ்சுது." சிவப்பு-பச்சைக் குழப்பம். ஆண்களுக்குத்தான் இது அதிகம். சிக்னல் பார்க்கிற வேலை, வேற வழியில்லை. ஊரில் எல்லோரிடமும் 'காலேஜ் படிக்கணும்னு வேலையை விட்டுட்டேன்'னு சொல்லி வெச்சிருக்கான். மூணு வருஷமா பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த எனக்கும் அதே பொய்தான்.

"பிக்கலோ பச்சைன்னு எல்லாரும் சொல்வாங்க, நானும் தலையாட்டுவேன். இந்தப் பக்கத்தில் அவன் உடம்பும் அந்தப் பையன் மூஞ்சியும் எனக்கு ஒரே மாதிரி இருக்கு. பிளாக் அண்ட் ஒயிட்டில் அந்தப் பிரச்னையே இல்லை. நீ பார்க்கிறதைத்தான் நானும் பார்க்கிறேன்."

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?

அவனே எழுந்து லைட்டைப் போட்டு, பழைய புத்தகத்தை எடுத்தான். கோகு முதல்முறையா சூப்பர் சையானாக மாறுகிற இடம். 1991-ல் வந்தது. அதுவரைக்கும் கோகு தலை முழுக்கக் கறுப்பு மை. அதை நிரப்புறது உதவியாளருக்குப் பெரிய வேலை. மாறினதும் முடியை வெள்ளையா விட்டுட்டா நேரம் மிச்சம்! இதைத் தொரியாமாவே சொல்லியிருக்கார். சோம்பேறித்தனத்துக்குக் கிடைச்ச ஜாக்பாட்னா இதுதான். கறுப்பு திடீர்னு வெள்ளையாகும்போது பக்கத்துக்குள்ளே பல்பு எரிஞ்ச மாதிரி இருக்கும்.

வண்ணப் பதிப்பில் அது தங்க நிறம். "மஞ்சள் எனக்கு நல்லாவே தெரியுதுடா"ன்னான் அவன். "ஆனா இது முடி. அது வெளிச்சம்."

கலர் வேண்டாம்னு நான் சொல்ல வரலை. என் சித்தி பையன் கறுப்பு-வெள்ளைப் புத்தகத்தைத் தொடவே மாட்டான். கலரைக் காட்டினதும் ஒரே மூச்சில் படிச்சுட்டான். அமெரிக்காவிலும் இதே கதைதான். கறுப்பு-வெள்ளைன்னா அங்கே வாங்க மாட்டாங்கன்னு, 1988-ல் 'அகிரா'வை ஸ்டீவ் ஆலிஃப் கம்ப்யூட்டரில் வண்ணம் தீட்ட, மார்வெலின் எபிக் காமிக்ஸ் வெளியிட்டது. ஆனா 2000-ல் டார்க் ஹார்ஸ் அதை மறுபடி போட்டது எதில் தெரியுமா? கறுப்பு-வெள்ளையில்!

அந்த ராத்திரி நான் ஒரு புத்திசாலித்தனம் பண்ணினேன். டேப்லெட் செட்டிங்ஸில் போய் எல்லா நிறத்தையும் எடுத்துட்டு, "இப்போ பாரு, உனக்கும் எனக்கும் ஒண்ணுதான்"னு பெருமையா நீட்டினேன். பக்கம் முழுக்க ஒரே சாம்பல் கூழ்! கோகுவின் முடிகூட அழுக்கு வேட்டி மாதிரி கிடந்தது. வெள்ளைன்னு ஒரு இடமே இல்லை.

அவன் விழுந்து விழுந்து சிரிச்சான். "தள்ளுடா"ன்னு என் கட்டிலில் இடம் பிடிச்சு, பழைய புத்தகத்தை நடுவில் விரிச்சான். மூணரை மணி வரைக்கும் லைட்டை அணைக்கவே இல்லை. மறுநாள் முதல் பீரியட் ரெண்டு பேரும் ஆப்சென்ட்.