கடலடியில் ஒரு குடித்தனம்

சென்ற ஆண்டு என் மகளின் பத்தாவது பிறந்த நாளுக்குப் பட்டணத்துக் கடையில் ஒரு மீன் வாங்கினேன். விரல் நீளம்தான் இருக்கும். உடம்பு ஆரஞ்சுப் பழ நிறம். அதில் மூன்று வெள்ளைப் பட்டைகள். ஒவ்வொரு பட்டைக்கும் மை தீட்டியது போல் கறுப்புக் கரை. 2003-ஆம் ஆண்டு வந்த கார்ட்டூன் படத்துக்குப் பிறகு பிள்ளைகள் அதை ‘நீமோ’ என்கிறார்கள். தமிழில் கோமாளி மீன்.

கண்ணாடிக் கிண்ணத்தில் குழாய்த் தண்ணீரை ஊற்றி, சமையல் உப்பைக் கரைத்து, அதில் மீனை விட்டேன். கடல் நீர் என்றால் உப்புத் தண்ணீர்தானே என்பது என் கணக்கு. மூன்றாம் நாள் காலையில் மீன் சாய்ந்து மிதந்தது. முருங்கை மரத்தடியில் அதைப் புதைத்துவிட்டு வந்த மகள், “அப்பா, அதோட வீடு எப்படி இருக்கும்?” என்று கேட்டாள். தினமும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் எனக்கு விடை தெரியவில்லை. அந்த வெட்கமே எங்களைத் தியோமான் தீவுக்குக் கொண்டு போனது.

பள்ளி விடுமுறையில் குளுவாங்கிலிருந்து பஸ் ஏறினோம். காஹாங், ஜெமாலுவாங் என்று வழி நெடுகச் செம்பனைதான். மெர்சிங்கில் ஆற்று முகத்துவாரம் ஆழமில்லாதது. கடல் ஏற்றத்தைப் பார்த்துத்தான் படகு விடுவார்கள். கட்டிக்கொண்டு போன சோற்றுப் பொட்டலத்தைத் துறைமுகத்திலேயே பிரித்துச் சாப்பிட்டோம். சுமார் இரண்டு மணி நேரக் கடல் பயணம். மனைவிக்குத் தலைசுற்றல், மகளுக்கோ கண்கொள்ளாக் காட்சி.

தியோமான், பகாங் மாநிலத்தைச் சேர்ந்த தீவு. 1994-ஆம் ஆண்டு அதைச் சுற்றியுள்ள கடல், கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கரையிலிருந்து 2 கடல் மைல் வரை மீன் பிடிக்கவோ பவளப் பாறையை உடைக்கவோ கூடாது.

மறுநாள் காலை தெக்கேக் கிராமத்துப் பெரியவர் ஒருவர் தம் படகில் எங்களை அருகிலுள்ள ரெங்கிஸ் தீவுக்கு அழைத்துச் சென்றார். எனக்கும் மகளுக்கும் நீந்தத் தெரியாது. மிதவைச் சட்டை, கண்ணாடி, சுவாசக் குழாய் எல்லாம் மாட்டிவிட்டு, படகுக் கயிற்றைக் கையில் கொடுத்தார். “சிக்கு, ஜாங்ஙான் பெகாங்!” என்று எச்சரித்தார். எதையும் தொடாதீர்கள் என்று பொருள்.

முகத்தை நீரில் வைத்தேன். கீழே பாறை மேல் சோற்றுத் தட்டளவில் ஒரு பூ. நூற்றுக்கணக்கான இதழ்கள் காற்றில் ஆடுவது போல் நீரில் ஆடின. அது பூவல்ல, கடல் சாமந்தி என்னும் உயிர். இதழ் போலத் தெரிபவை எல்லாம் விஷமுள்ள கைகள். சிறு மீன் உரசினால் கொட்டிப் பிடித்து விழுங்கிவிடும். அந்தக் கைகளுக்கு நடுவிலிருந்து, பாயிலிருந்து எழுந்து வருகிற பிள்ளையைப் போல, ஒரு கோமாளி மீன் எட்டிப் பார்த்தது! மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

கோமாளி மீனின் உடலைப் பூசியிருக்கும் வழவழப்பு, சாமந்தியின் கைகள் அதைக் கொட்டாமல் காக்கிறது. சாமந்தி மீனுக்கு அடைக்கலம் தருகிறது. சாமந்தியைக் கடிக்க வரும் மீன்களை இது விரட்டுகிறது. இதன் கழிவு சாமந்திக்கு உரமாகிறது. வாடகை பாக்கி இல்லாத குடித்தனம்!

அங்கே நான்கு மீன்கள் இருந்தன. எல்லாவற்றிலும் பெரியதே பெண்; அதுதான் வீட்டுத் தலைவி. அடுத்தது அதன் துணைவன். பாறையில் இட்ட முட்டைகளை விசிறி, காவல் காப்பது பெரும்பாலும் தகப்பன்தான். தலைவி இறந்துவிட்டால் அந்த ஆண் மீனே பெண்ணாக மாறிவிடும். அடுத்த மீன் ஆணாக வளர்ந்து துணையாகும். இது கதையல்ல, அறிவியலார் உறுதிப்படுத்திய உண்மை.

இன்னொரு செய்தி என் மனத்தைத் தொட்டது. உடன் வாழும் சிறிய மீன்கள் பெரும்பாலும் அவற்றின் சொந்தப் பிள்ளைகள் அல்ல. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகள் ஏறக்குறைய 10 நாள் கடலில் மிதந்து திரிந்து, ஏதாவது ஒரு சாமந்தியில் வந்து ஒண்டிக்கொள்கின்றன. கப்பலேறி வந்த நம் பாட்டன்மாரும் லயத்து வீடுகளில் இப்படித்தானே உறவானார்கள்!

அந்த வீட்டுக்கும் ஆபத்து உண்டு. சாமந்தியின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் வாழ்ந்து உணவு தருகின்றன. கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடானால் அந்தப் பாசிகள் நீங்கிவிடும். சாமந்தி வெளுத்துச் சுருங்கும். பவளத்துக்கும் இதே கதிதான். 2010-ஆம் ஆண்டு பவளம் வெளுத்தபோது தியோமானிலும் ரெடாங்கிலும் முக்குளிக்கும் இடங்கள் சிலவற்றைத் தற்காலிகமாக மூடினார்கள். 2024-ஆம் ஆண்டும் உலகின் பல கடல்களில் பவளம் வெளுத்தது. தோட்டம் விற்கப்பட்டால் லயத்து வீடும் கூடவே போகும் என்பதைக் கண்ட நமக்கு, வீடு போனால் அந்த மீனுக்கு என்னவாகும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

படகில் ஏறியதும் மகளிடம், “இன்னொரு மீன் வாங்கித் தரட்டுமா?” என்று சோதித்துப் பார்த்தேன். “வேண்டாம்பா. அந்தப் பூவையும் அதோட கூட்டாளிங்களையும் கடையில விக்க மாட்டாங்களே” என்றாள்.

அந்தக் கண்ணாடிக் கிண்ணத்தில் இப்போது என் மனைவி புளி போட்டு வைத்திருக்கிறார்.

தியோமான் போக விரும்புவோர் மார்ச் முதல் அக்டோபர் வரை போகலாம். ஆண்டிறுதி மழைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும். பவளத்தின் மேல் காலை ஊன்றாதீர்கள். மீன்களுக்கு ரொட்டி போடாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் காசு சேர்த்தாவது பிள்ளைகளை ஒருமுறை கூட்டிப் போய்க் காட்டுங்கள். மீன் அதன் வீட்டில் இருக்கட்டும். நம் பிள்ளைகள் விருந்தாளியாகப் போய்ப் பார்த்து வரட்டும்.