நோவைக் காட்டும் ஒளி

தென்மேல் பருவக்காற்று மழையைக் கொணரும் மாதங்களில், ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பகுதிகளின் தேயிலை மலைகளிற் கொழுந்தெடுக்கச் செல்லும் பெண்கள், காலிற் சவர்க்காரமோ சுண்ணாம்போ பூசிக்கொண்டே மலைக்கு ஏறுவர். ஈரப் புல்லில் அட்டை காத்திருக்கும். அது கடிக்கும் வேளையில் நோவு பெரும்பாலும் தெரிவதில்லை; குருதி வழிந்து இடுப்பிற் கட்டிய படங்கு நனைந்த பின்னரே கடிபட்டமை புலனாகும். காயம் கண்ணுக்குத் தெரிகின்றது, நோவோ இல்லை.

அப்பெண்கள் சுமக்கும் மற்றொரு துன்பம் இதற்கு நேர்மாறானது. ஆண்டாண்டாகத் தலைக்கயிற்றிற் கூடையைத் தாங்கிய கழுத்தும், சரிவிலே வளைந்து நின்ற இடுப்பும் இரவெல்லாம் நோகும். ஆயின் அங்கே காயமில்லை, வீக்கமில்லை, காய்ச்சலுமில்லை. நோவு உண்டு, காட்டுவதற்கோ எதுவுமில்லை.

லயத்து அறையொன்றிற் பிறந்து, பல்கலைக்கழகத்தில் விலங்கியல் கற்கச் சென்ற மாணவி ஒருத்திக்கு இவ்விரண்டும் இளமை முதலே பழக்கமானவை. அவள் சிறுமியாயிருந்தபோது ஒருநாள், இடுப்புவலி தாளாத தாய் தோட்டத்து மருந்தகத்துக்குச் சென்றாள். வெப்பமானி காய்ச்சல் காட்டவில்லை. ஆதலால் வேலைக்குப் போகுமாறு சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டாள். “வலி கண்ணுக்குத் தெரியுமா, புள்ள?” என்று மகளிடம் அவள் கேட்ட வினா, விரிவுரை மண்டபம் வரை மகளைத் தொடர்ந்து வந்தது.

அவ்வினாவுக்கு அறிவியல் நெடுங்காலமாகவே விடை தேடி வந்துள்ளது. உடலுக்கு ஊறு விளைக்கவல்ல தூண்டல்களை உணர்வதற்கெனத் தனி நரம்பு முடிவிடங்கள் உண்டென்பதை 1906 இல் வெளிவந்த தம் நூலில் செரிங்டன் விளக்கினார். 1926 இல் ஏட்ரியனும் சொட்டர்மனும் தனியொரு புலன் நரம்பிழையிற் செல்லும் மின் கணத்தாக்கங்களைப் பதிவு செய்தனர். மந்தமாக நீடிக்கும் நோவைக் கொண்டுசெல்லும் மெல்லிழைகளிற் கணத்தாக்கம் செக்கனுக்கு ஏறத்தாழ 2 மீற்றருக்கு மேற்படாத வேகத்திலேயே செல்லும் என்பதும் அறியப்பட்டது. ஆயினும் நோவு தொடங்கும் இடமாகிய முடிவிடம் எட்டாப் பொருளாகவே இருந்தது. தோலுக்குள்ளே கிளைத்துப் பரந்து, ஒரு மைக்கிறோமீற்றரினும் நுண்ணிதாய் முடியும் அவ்விழைக்குள் மின்வாயைச் செலுத்துவது எங்ஙனம்? மின்வாய் புகாத இடத்தில் ஒளியே புகுதல் வேண்டும்.

இவ்வொளி முறையின் தொடக்கப் படிகளுள் ஒன்று அட்டையிடத்தே நிகழ்ந்தது என்பதைப் படித்தபோது மாணவி வியப்புற்றாள். மலைநாட்டு நில அட்டையின் உறவினமாகிய நீர்வாழ் மருத்துவ அட்டையை ஆராய்ந்த நிக்கல்சும் பெய்லரும், மெல்லிய தொடுகைக்கும், அழுத்தத்துக்கும், ஊறு தரும் கிள்ளலுக்கும் அதனிடம் வெவ்வேறு நரம்புக்கலங்கள் உள்ளமையை 1968 இல் எடுத்துக்காட்டினர். பிறர்க்கு நோவு தெரியாது குருதி குடிக்கும் உயிரிக்கும் ஊறுணர் கலங்கள் உண்டு! 1973 இல் சால்ஸ்பெர்க், டாவிலா, கோகன் ஆகியோர் அட்டையின் நரம்புக்கலங்களுக்குச் சாயமேற்றி, அவற்றின் கணத்தாக்கங்களை ஒளியின் மாற்றமாகவே பதிவு செய்தனர்.

அதன்பின் வழி விரைந்து திறந்தது. கிளர்ச்சியுற்ற கலத்தினுள் கல்சியம் அயன்கள் புகும். அவற்றைக் கண்டால் ஒளிர்வு மாறும் சாயமொன்றை 1985 இல் றொஜர் சியெனும் அவர்தம் குழுவினரும் வெளிப்படுத்தினர். 1962 இல் சிமொமுரா ஜெலிமீனிலிருந்து பிரித்தறிந்த பச்சை ஒளிர்வுப் புரதத்தை அடிப்படையாகக் கொண்டு, கல்சியத்தைக் காட்டும் புரதத்தை 2001 இல் நக்காய் முதலானோர் ஆக்கினர். சாயம் ஊட்ட வேண்டிய தேவையின்றிக் கலமே அதனை உண்டாக்கிக்கொள்ளும் நிலை ஏற்பட்டது.

இனி வேண்டியது ஒரு சாளரமே. கண்ணின் விழிவெண்படலம் ஒளிபுகவிடுவது. நோவு நரம்புகள் மிகச் செறிந்ததும் அதுவே. எரூசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் பின்ஸ்டொக் குழுவினர், உயிருள்ள சுண்டெலியின் விழிவெண்படலத்து முடிவிடங்களிற் கல்சியத்தின் ஒளிர்வை நோக்கினர். மிளகாயின் காரப்பொருள் பட்டதும் முடிவிடம் ஒளிர்ந்தது. இக்காரப்பொருளை ஏற்கும் புரதம் சுடுவெப்பத்தையும் உணர்வது என்பதை 1997 இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் கண்டனர். 2021 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்கும் பட்டபூட்டியனுக்கும் வழங்கப்பட்டது. பின்ஸ்டொக் குழுவினர் 2019 இல் வெளியிட்ட முடிவு மேலும் கருதற்பாலது. பரவிச் செல்லும் கணத்தாக்கம் முடிவிடத்தின் நுனியிலன்றிச் சற்று அப்பாலே தொடங்குகின்றது. அழற்சியைத் தூண்டும் புரதங்கள் சேரின் அத்தொடக்கவிடம் நுனியை நோக்கி நகர்கின்றது. முடிவிடம் எளிதிற் கிளர்ச்சியுறுகின்றது. நுணுக்குக்காட்டியில் மட்டுமே காணத்தக்க இத்துணைச் சிறு நகர்ச்சியாலும் நோவு பெருகக்கூடும் எனின், வெளியே ஒன்றும் தெரியாமையை நோவின்மைக்குச் சான்றாகக் கொள்வது எங்ஙனம் பொருந்தும்?

ஆயினும் ஒளியின் எல்லையையும் உணர்தல் வேண்டும். சோதனை எலியிடத்து நிகழ்ந்தது. கொழுந்தெடுப்பவளின் இடுப்பை அவ்வாறு நோக்குதற்கில்லை. அன்றியும் ஒளிர்வது கணத்தாக்கமேயன்றி நோவன்று. நோவு என்பது முழு மனிதரின் அனுபவம். நோவு ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 2020 இல் திருத்திய வரையறையின் குறிப்புகள், புலன் நரம்புகளின் செயற்பாட்டை மட்டும் கொண்டு நோவை உய்த்துணர இயலாது என்றும், ஒருவர் தமக்கு நோவென்று கூறுவதை மதித்தல் வேண்டும் என்றும் உரைக்கின்றன.

விடுமுறையில் வீடு திரும்பிய மாணவி, எலியின் கண்ணில் நோவு நரம்பு ஒளிர்வதைக் காட்டும் படத்தைத் தாய்க்குக் காட்டினாள். தாய் நெடுநேரம் பார்த்திருந்து, “இதப் பாத்தாத்தான் நம்புவாங்களா?” என்றாள். பல்லாண்டு முன் கேட்ட வினாவுக்கு விடை கொண்டுவந்த மகளிடம் இவ்வினாவுக்கு விடை இருக்கவில்லை. அது ஆய்வுகூடத்திற் காணவேண்டிய விடையன்று. நோவென்று சொல்லி வருபவரை இருத்தி, எங்கே, எப்போதிருந்து என்று பொறுமையாய்க் கேட்பவரே தரவேண்டிய விடை.