பிராகாரம் சுற்றும் கால்கள்

கோயில் பிராகாரத்தை வலம் வரும் முதியோருள் சிலர், ஏறத்தாழ ஒரே தொலைவு நடந்ததும் நின்றுவிடுகிறார்கள். கெண்டைக்கால் இறுகிப் பிடிக்கிறது. தூணைப் பற்றியபடி சில நிமிடங்கள் நின்றால் வலி அடங்குகிறது. மீண்டும் நடந்தால் அதே தொலைவில் அதே வலி. உடன் வருபவர் கேட்டால், “வயதாகிவிட்டதல்லவா!” என்ற ஒரே விடைதான். மூன்று சுற்று இரண்டாகும், இரண்டு ஒன்றாகும், பின்பு கொடிமரத்தடியில் கைகூப்புவதோடு வழிபாடு நிறைவுறும். பிள்ளைகள் அறிந்தால் கோயிலுக்கே அனுப்பமாட்டார்களோ என்ற அச்சத்தால் பலர் வாய் திறப்பதில்லை.

நடந்தால் வந்து, நின்றால் நீங்கும் இவ்வலியை முதுமையின் இயல்பெனத் தள்ளிவிடலாகாது. கால்களுக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனிகளின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து பாதை குறுகுவதன் அறிகுறியாக அது இருக்கலாம். மருத்துவர்கள் இதனைப் புறத்தமனி நோய் என்பர். ஓய்விலிருக்கும் தசைக்குச் சிறிதளவு இரத்தம் போதும். நடக்கும் தசைக்குப் பன்மடங்கு வேண்டும். குறுகிய பாதை அதனைத் தர இயலாதபோது தசை வலிக்கிறது. முதுகெலும்பில் நரம்பு நெருக்குண்டாலும் நடக்கையில் கால் வலிக்கும். ஆனால் அவ்வலி வெறுமனே நிற்பதால் பெரும்பாலும் தணியாது, உட்கார்ந்தாலோ முன்குனிந்தாலோ தணியும்.

65 வயதைக் கடந்தவர்கள், புகைப்பழக்கம் உடையவர்கள், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். நோயுற்றோர் பலருக்கு வலியே தோன்றுவதில்லை. ஒரு பாதம் மட்டும் குளிர்ந்திருத்தல், தோல் மினுமினுத்தல், காலில் முடி உதிர்தல், விரற்புண் வாரக்கணக்கில் ஆறாதிருத்தல் ஆகியவை அவர்களுக்கான எச்சரிக்கைகள். நீரிழிவால் உணர்ச்சி குன்றிய பாதம், கோடை வெயிலில் கொதிக்கும் கல்தளத்தில் கொப்புளம் கண்டாலும் அறியாது. இரத்தம் குறைந்த காலில் அந்தச் சிறு புண்ணே விரலையும் சில வேளை காலையும் இழக்கச் செய்துவிடும்.

கண்டறியும் சோதனையோ மிக எளியது. சிறிது நேரம் படுத்து ஓய்வெடுத்தபின், இரு புயங்களிலும் இரு கணுக்கால்களிலும் டாப்ளர் கருவியின் துணையோடு இரத்த அழுத்தம் அளக்கப்படும். ஊசியும் இல்லை, வலியும் இல்லை. கணுக்கால் அளவைப் புயத்தின் அளவால் வகுத்துப் பார்ப்பது, இரண்டு கணக்கேடுகளை ஒப்புநோக்குவது போன்றதே. விகிதம் 1 முதல் 1.4 வரை இருப்பது இயல்பு, 0.9 அல்லது அதற்குக் கீழ் எனில் நோய் உண்டு. புயத்தில் 140, கணுக்காலில் 98 என்றால் விகிதம் 0.7. நீரிழிவாளர்களுக்குத் தமனி இறுகிப்போய் 1.4க்கு மேல் காட்டுவதும் உண்டு. அப்போது கால் பெருவிரலில் அளப்பார்கள்.

காலில் படிந்த கொழுப்பு, இதயத்திலும் மூளையிலும் உள்ள தமனிகளிலும் படிந்திருக்கக்கூடும். ஆகவே இந்நோயை அறிவது மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுக்கும் வழியுமாகும். மருந்துகளோடு மருத்துவர் பெரும்பாலும் பரிந்துரைப்பது நடைப்பயிற்சியையே: வலி வரும்வரை நடந்து, நின்று, அடங்கியபின் மீண்டும் நடத்தல். சில மாதங்களில் வலியின்றி நடக்கும் தொலைவு கூடும். உண்மையைச் சொன்னால் கோயில் நடை நின்றுவிடும் என்ற அச்சம் வீணானது. மறைத்தால்தான் அது நின்றுபோகும். ஒரு கால் திடீரென வெளுத்து, குளிர்ந்து, மரத்து, கடுமையாக வலித்தால் மட்டும் ஒரு மணி நேரமும் காத்திராமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

கயிலை நோக்கிச் சென்ற அப்பர் பெருமான் பாதங்கள் தேய்ந்தபின் கைகளாலும், மார்பாலும் ஊர்ந்தார் என்கிறது பெரியபுராணம். இறைவனோ அவரை அந்நிலையில் விட்டுவிடவில்லை. நலம் பெற்ற உடலோடு எழச் செய்து, திருவையாற்றிலேயே கயிலைக் காட்சி அருளினார். அடியார் கால் நலிவதை ஆண்டவன் வேண்டுவதில்லை. அடுத்த முறை மருத்துவர் கையில் இரத்த அழுத்தம் அளக்கும்போது, “கணுக்காலிலும் அளந்து பாருங்கள், ஐயா” என்று கேட்டால் போதும்.