நவம்பர் காய்ச்சல், பிப்ரவரி முடி

பிப்ரவரி 3, 2025

குளியலறைச் சல்லடையில் தண்ணீர் தேங்கி நின்றது. மதுரையில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் ஒருவர் அடைப்பை எடுத்துப் பார்த்தபோது, கைப்பிடி அளவு முடி. கணக்கு டீச்சர் ஆயிற்றே, எண்ணியே விட்டார்: 212.

நம் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. நாளுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. வாரம் இரண்டு முறை மட்டும் தலைக்குக் குளிப்பவர்களுக்கு இடைப்பட்ட நாட்களின் முடியும் சேர்ந்து வரும் என்பதால், ஒருநாள் எண்ணிக்கையை வைத்துப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் தலையணையிலும் சீப்பிலும் தினமும் இதே கதை என்றால் கவனிக்க வேண்டியதுதான்.

பிப்ரவரி 9

"வீடு மாத்துனதுல இருந்து போர் தண்ணி. கொட்டாம என்ன செய்யும்?" என்றார் மாமியார். "இல்ல அத்தை, முனையில வெள்ளையா குமிழ் இருக்கே" என்று ஒரு முடியை நீட்டிக் காட்டினார் மருமகள்.

அந்தக் குமிழ் முக்கியமான சாட்சி. உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கலாம், நடுவில் முறிய வைக்கலாம். முறிந்த முடியில் குமிழ் இருக்காது. குமிழோடு வந்தால் வேரிலிருந்து கழன்று வந்த முடி என்று பொருள். இதற்குள் பள்ளித் தோழிகளின் தயவில் சின்ன வெங்காய எண்ணெய், கரிசலாங்கண்ணித் தைலம், பயோட்டின் மாத்திரை என்று அலமாரி நிரம்பிவிட்டது.

பிப்ரவரி 15

தோல் மருத்துவர் ஐம்பது அறுபது முடிகளைச் சேர்த்துப் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்த்தார். விரல்களுக்கிடையில் ஒன்பது முடிகள் வந்தன. என்ன ஷாம்பு என்று கேட்பார் என எதிர்பார்த்தவரிடம் அவர் கேட்டது வேறு: "மூணு மாசத்துக்கு முன்னாடி என்ன நடந்துச்சு டீச்சர்?"

நாட்குறிப்பைப் புரட்டினார். நவம்பர் 11: 'டெங்கு. ஐந்து நாள் ஆஸ்பத்திரி.'

முடி இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வரை வளரும். பிறகு சுமார் மூன்று மாதம் ஓய்வெடுத்து உதிரும். கடும் காய்ச்சல், பிரசவம், பெரிய அறுவை சிகிச்சை, பட்டினி டயட், ஆறாத துக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும், வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் கணிசமான பங்கு ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடக்கூடும். அவை உதிரும்போது காய்ச்சலே மறந்து போயிருக்கும். பழி புதுத் தண்ணீருக்குப் போகும். கோவிட் அலைகளுக்குப் பின்னும் பலருக்கு நடந்தது இதுதான்.

ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்த மருத்துவர், அதற்கு முன் பயோட்டினை நிறுத்தச் சொன்னார். அந்த மாத்திரை தைராய்டு முடிவுகளையே பிறழக் காட்டக்கூடியது. முடிக்காகச் சாப்பிட்டது முடி கொட்டும் காரணத்தையே மறைக்கக்கூடும், பாருங்கள்.

பிப்ரவரி 20

தைராய்டு சரி. ஹீமோகுளோபின் 12.4, அதுவும் சரி. ஆனால் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் வெறும் 11. மாதவிலக்கில் அதிகம் போகிறது என்பதை அவர் யாரிடமும் சொன்னதே இல்லை. ஆக, காரணம் ஒன்றல்ல, இரண்டு. இரும்பு மாத்திரை தொடங்கியது. இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கும் என்பதால், சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீ நின்றது.

மார்ச் 2

செய்தித்தாளில் மகாராஷ்டிரத்தின் புல்டாணா மாவட்டம். அங்கே சில கிராமங்களில் நாட்கணக்கிலேயே பலருக்குத் தலை வழுக்கையாகிவிட்டது. முதலில் தண்ணீரைத்தான் சந்தேகித்தார்கள், இவருடைய மாமியாரைப் போலவே. தேள்கடி மருத்துவத்தால் பெயர்பெற்ற மருத்துவர் ஹிம்மத்ராவ் பவஸ்கர், ரேஷன் கோதுமையில் மிகுந்திருந்த செலினியத்தைக் காரணமாகச் சுட்டினார். குறைந்தாலும் கூடினாலும் சத்து முடியைத் தொடும்.

மார்ச் 16

வீட்டில் எல்லோருமே இப்போது கண்ணாடி முன்னால். கணவருக்கு உச்சியில் மெலிவு. அது பரம்பரையும் ஆண் ஹார்மோனும் சேர்ந்து செய்யும் வேலை, தானாகத் திரும்பாது. ரத்த அழுத்த மருந்தாக வந்து, பக்க விளைவாக முடி வளர்த்த மினாக்ஸிடில் அதற்கு உதவலாம், விடாமல் போட்டால்.

மகளுக்கு நெற்றியோரம் ஏறியிருப்பதற்குக் காரணம் பள்ளிக்கு இறுக்கிப் பின்னும் ரெட்டைச் சடை. இழுத்துக்கொண்டே இருந்தால் வேர் நிரந்தரமாகச் செத்துவிடும். இது தெரிந்தபின் அம்மா சடையைத் தளர்த்தினார், பி.டி. டீச்சர் திட்டினால் திட்டட்டும்.

வகுப்பில் ஒரு பையனுக்கு ரூபாய் நாணயம் போல வட்டச் சொட்டை. 'புழுவெட்டு' என்கிறோம், புழு எதுவும் கிடையாது. உடலின் எதிர்ப்புச் சக்தியே முடிவேரைத் தாக்குகிறது.

ஜூன் 8

நெற்றி ஓரத்தில் சீப்புக்கு அடங்காத குட்டி முடிகள். ஸ்கேல் வைத்து அளந்தார்: நாலு சென்டிமீட்டர். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற கணக்கு சரியாகவே இருக்கிறது. சடை பழைய கனத்துக்கு வர இன்னும் இரண்டு மூன்று வருடம் ஆகும். வெங்காய எண்ணெய் திறக்கப்படாமலே இருக்கிறது. போர் தண்ணீர் மாறவில்லை. சல்லடையில் இன்று 41.