எங்கள் வீட்டு எஸ்.யு.வி.

ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மாணவர் பேரவையில் கேட்டார்கள். "நீதான் கார் பைத்தியமாச்சே, அதையே எழுதேன்டா" என்றார்கள். எழுதுகிறேன். ஆனால் இதில் ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது. கடைசி வரை படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

நம் கேன்டீனில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒன்று ஸ்போர்ட்ஸ் கார் கட்சி, இன்னொன்று எஸ்.யு.வி. கட்சி. டீ ஆறினாலும் இவர்கள் சண்டை ஆறாது. 2025 ஜூலையில் எம்.ஜி. சைபர்ஸ்டர் விற்பனைக்கு வந்தபோது ஸ்போர்ட்ஸ் கட்சிக்காரர்களைப் பிடிக்க முடியவில்லை. மின்சாரக் கார், 510 பி.எஸ். சக்தி, நின்ற இடத்திலிருந்து 3.2 விநாடியில் 100 கிலோமீட்டர் வேகம், கத்தரிக்கோல் மாதிரி மேலே திறக்கும் கதவு! "மச்சான், நீ பெல்ட் மாட்டறதுக்குள்ள அது நூறைத் தாண்டிடும்டா!"

எஸ்.யு.வி. கட்சித் தலைவன் நான். சும்மா விடுவேனா? "இருக்கறது ரெண்டே சீட்டு. விலை எழுபது லட்சத்துக்கு மேல. உங்க அம்மா, ஆயா, தங்கச்சி எல்லாம் பி.ஆர்.டி.சி. பஸ்ல வரட்டுமா? எங்க பாகூர் ரோட்டு வேகத்தடையில ஏத்திப் பாரு, வயிறு கிழிஞ்சிடும்!" என்பேன். 2024 ஆகஸ்டில் வந்த ஐந்து கதவுத் தார் ராக்ஸை இழுப்பேன். ஏணி போன்ற இரும்புச் சட்டத்தின் மேல் பாடியை உட்கார வைத்த வண்டி அது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் செய்யும் கிரெட்டாவுக்கு அப்படித் தனிச் சட்டம் கிடையாது. பாடியே சட்டம். நாம் படித்த மோனோகாக் அதுதான்.

வரிக் கணக்கும் எனக்கு மனப்பாடம். 2025 செப்டம்பர் 22 முதல், நீளம் நாலு மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1500 சி.சி.க்குள் இருந்தால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். தாண்டினால் 40. "அதனாலதான்டா பாதி எஸ்.யு.வி. பின்னாடி வெட்டிவுட்ட மாதிரி நிக்குது!" என்பேன். கைதட்டல் கிடைக்கும்.

வில்லியனூர் நண்பன் ஒருவன் மட்டும் எந்தக் கட்சியிலும் சேரமாட்டான். "போங்கடா... எங்க ஊர் தேரை வுடவா பெரிய எஸ்.யு.வி. இருக்கு? ஆயிரம் பேர் இழுக்கற சக்தி. பிரெஞ்சுக்காரன் காலத்துலேர்ந்து கவர்னரே வந்து வடம் பிடிக்கறாரு. பிரேக்குக்கு முட்டுக்கட்டை!" என்பான். அன்றைய கூட்டம் சிரிப்போடு முடியும்.

ஒருநாள் பேச்சு பி.ஒய்.01 பக்கம் திரும்பியது. கேரளத்தில் ஓடிய விலை உயர்ந்த கார்கள் பலவற்றில் நம் புதுச்சேரி நம்பர் இருந்தது 2017-ல் பெரிய செய்தியானது. இங்கே வரி குறைவு என்பதால், இங்கே வசிக்காதவர்கள் கூட இங்கே ஒரு முகவரியைக் காட்டிப் பதிவு செய்திருந்தார்கள். வழக்கு வரை போனது. "நம்ம ஊர் நம்பர், ஆனா நம்ம தெருவுல ஒரு நாளும் பார்த்ததில்ல" என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே சுருக்கென்றது. ஏனென்றால், நானும் ஒரு காருக்குப் பொய் முகவரி கொடுத்தவன்தான்.

முதலாண்டில் ஒருவன் கேட்டான்: "உங்க வீட்ல என்ன வண்டிடா?" யோசிக்காமல் சொல்லிவிட்டேன்: "எஸ்.யு.வி. வெள்ளைக் கலர்."

எங்கள் வீட்டில் கார் இல்லை நண்பர்களே. அப்பா டிரைவர். அந்த வெள்ளை எஸ்.யு.வி. அவருடைய முதலாளியினுடையது. சில நாள் இரவு நேரமாகிவிட்டால் எங்கள் தெருமுனையில் நிற்கும், அவ்வளவுதான். அப்பா படித்தது எட்டாவது. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்.

அந்த ஐப்பசியில் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். "தார் 650 மில்லிமீட்டர் தண்ணியில போகும்ப்பா. கம்பெனியே சொல்லியிருக்கான்."

"அப்படின்னா எவ்ளோ ஆழம்?"

"தொடை வரைக்கும்."

"நின்ன தண்ணியா, ஓடற தண்ணியா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அப்பா சிரித்துக்கொண்டே பீடியைப் பற்ற வைத்தார்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் கரையைக் கடந்தது. ஒரே நாளில் புதுச்சேரியில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அது வடிவதற்குள் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி வந்து எங்கள் பாகூர்ப் பக்கத்து ஊர்களில் ஏறியது. முதலாளி வீட்டு வாசலில் நின்ற எஸ்.யு.வி. பானெட் வரை முழுகிவிட்டது.

தண்ணீர் வடிந்ததும் சேறு அள்ள அப்பாவோடு நானும் போனேன். முதலாளிக்கு அவசரம். "ஸ்டார்ட் பண்ணுப்பா" என்றார். அப்பா சாவியை வாங்கவில்லை. "வேணாங்க ஐயா, வண்டி தண்ணி குடிச்சிருக்கு. காத்தை அமுக்கலாம், தண்ணிய அமுக்க முடியாது. ராடு வளைஞ்சிடும். பேட்டரி ஒயரைக் கழட்டிட்டு மெக்கானிக்கைக் கூப்புடலாம்" என்றார்.

"நீ என்ன மெக்கானிக்கா? நாளையிலேர்ந்து வராதே" என்று விழுந்தது வார்த்தை.

அப்பா சாவிக்குக் கை நீட்டவில்லை. வாளியைக் கழுவி வைத்துவிட்டு சைக்கிளை எடுத்தார். பின்னால் உட்கார்ந்து வந்த எனக்கு அப்பா மேல்தான் கோபம். பெரிய வண்டி, தண்ணியிலேயே போகிற ஜாதி, இவர் ஏன் பயப்படுகிறார் என்று!

மறுநாள் வேறொரு டிரைவர் சாவியைத் திருகினார். 'டக்' என்று ஒரே சத்தம், அவ்வளவுதான். இன்ஜினைப் பிரித்தபோது கனெக்டிங் ராடு வளைந்திருந்ததாம். இரண்டு வாரம் கழித்து முதலாளி ஆள் அனுப்பினார். மன்னிப்பெல்லாம் இல்லை, "வரச் சொன்னாரு" என்பது மட்டும்தான். அப்பா போனார். அந்த இரண்டு வாரமும் வீட்டில் அரிசி எப்படி வந்தது என்பது அம்மாவுக்குத்தான் தெரியும்.

இந்த ஆண்டு இன்ஜின் பாடம் நடந்தபோது ஆசிரியர் கேட்டார்: "சிலிண்டருக்குள் தண்ணீர் போனால் என்ன ஆகும்?" நான் எழுந்து சொன்னேன்: "டீசல் இன்ஜின் காற்றைச் சுமார் பதினாறில் ஒரு பங்காக அமுக்கும் சார். தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வர முடியாமல் முட்டும், ராடு வளையும்." ஆசிரியருக்கு மகிழ்ச்சி. "எந்தப் புத்தகத்தில் படித்தாய்?" என்றார்.

"லைப்ரரியில சார்" என்றேன்.

வெள்ளை எஸ்.யு.வி. முதல் பொய். இது இரண்டாவது. முதல் பொய்யாவது ஒரு காரைப் பற்றியது. இரண்டாவதில் அப்பாவையே மறைத்துவிட்டேன்.

ஐயா, அன்று நீங்கள் கேட்ட கேள்விக்கு இன்று சரியான பதில் சொல்கிறேன். அதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. எட்டாவது படித்த என் அப்பா, வேலை போகும் என்று தெரிந்தே சொன்ன பாடம் அது. காரணம் உங்கள் வகுப்பில் புரிந்தது. உண்மை முன்னாடியே எங்கள் வீட்டில் இருந்திருக்கிறது.

கட்டுரையை முடிக்கும் முன் அப்பாவிடம் நம் கேன்டீன் வழக்கைச் சொல்லித் தீர்ப்புக் கேட்டேன். "ஸ்போர்ட்ஸ் காரா, எஸ்.யு.வி.யாப்பா?"

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதாம்ப்பா. எதை ஓட்டினாலும், நிறுத்திட்டு சைக்கிள்லதானே வூட்டுக்கு வரணும்" என்றார்.

நண்பர்களே, கட்சியை நான் கலைக்கவில்லை. நாளைக்கும் கேன்டீனுக்கு வருவேன், சண்டை போடுவேன். ஆனால் "உங்க வீட்ல என்ன வண்டி?" என்று மறுபடியும் ஒருமுறை கேளுங்கள்.

சைக்கிள்.