அப்பாவை மிரட்டிய 'டாக்டர்'!

உங்க வீட்டு கம்ப்யூட்டர் திடீர்னு 'ஆபத்து! 5 வைரஸ்!'னு அலறியிருக்கா? எங்க வீட்டில் அலறியது. காலேஜ் விட்டு வந்தால், அப்பா கையில் டெபிட் கார்டோடு ஸ்கிரீன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். வைரஸை நீக்கப் பணம் கட்டணுமாம்!

"ஏம்ப்பா, கண்டதையும் கிளிக் பண்ணுவீங்களா?" என்று கத்திவிட்டுத்தான் வேலையில் இறங்கினேன்.

ஒரு வெப்சைட்டால் உங்க ஹார்டு டிஸ்க்கை ஸ்கேன் பண்ணவே முடியாது பாஸ்! ஓடுகிற ஸ்கேன் வெறும் பொம்மைப் படம். நெட்டைத் துண்டித்தேன். பிரவுசர் செட்டிங்ஸில், நோட்டிஃபிகேஷன் அனுமதி வாங்கியிருந்த தெரியாத சைட்டை நீக்கினேன். ஆப்ஸ் லிஸ்ட்டில் உட்கார்ந்திருந்த போலி 'டாக்டரை' அன்இன்ஸ்டால் செய்தேன். கடைசியாக, விண்டோஸிலேயே இலவசமாக இருக்கும் டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன். விண்டோஸ் முழுசாக எழுந்திருக்கும் முன்பே அது தேட ஆரம்பித்துவிடும்.

எல்லாம் சுத்தம். அப்போதுதான் அப்பா மெதுவாகச் சொன்னார்: "ஃபைலெல்லாம் அழிஞ்சிடும்னு போட்டிருந்துச்சு. உன் ப்ராஜெக்ட் இதுலதானேடா இருக்கு?"

எனக்குப் பேச்சே வரலை. போலிகளுக்கு வேண்டியது இந்தப் பயம்தான்.

இன்னிக்கே வீட்டில் சொல்லிவைங்க. கார்டு நம்பர் கொடுத்துவிட்டால் உடனே பேங்க்குக்கும் 1930-க்கும் போன் பண்ணணும். ஆனா, திட்டாம சொல்லுங்க ஃப்ரெண்ட்ஸ்!