வலவன் இல்லாத தேர்

சங்கப் பாடல்களில் தேர் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. கூடவே பாகனும் வந்துவிடுகிறான். வினைமுடித்து மீளும் தலைவன் தன் மனத்தின் விரைவை அவனிடம்தான் சொல்கிறான். ஐங்குறுநூற்று முல்லையில் ‘தேர் வியங்கொண்ட பத்து’ (481–490) என்று ஒரு பத்தே அதற்கென இருக்கிறது. அகநானூற்றின் 4ஆம் பாடலில் குறுங்குடி மருதனார் காட்டும் தேரின் மணிகளுக்கு நாக் கட்டப்பட்டிருக்கிறது. பூஞ்சோலையில் துணையோடிருக்கும் வண்டுகள் ஒலி கேட்டுக் கலங்கிவிடலாகாது என்பதே காரணம். தேர் செலுத்துவதென்பது வழியில் இருக்கும் உயிர்களை எண்ணிப் பார்ப்பதும்தான்.

வலவன் இல்லாத ஊர்தியும் சங்கத்தில் உண்டு. புறநானூற்று 27ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் அதை நலங்கிள்ளிக்குச் சொல்கிறார். ஆனால் அது வானத்து ஊர்தி; புலவர் பாடும் புகழுடையோர் தம் வினை முடிந்தபின் ஏறிச் செல்வது. மண்ணில் ஓடும் தேருக்குப் பாகன் தேவைப்பட்டான்.

அந்தத் தேவை இப்போது கேள்விக்குள்ளாகியிருக்கிறது. 2004இல் அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் ‘டார்ப்பா’ நடத்திய போட்டியில் எந்தத் தானியங்கி வண்டியும் 12 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. 2020இல் ஃபீனிக்ஸ் நகரில் வேமோவின் ஓட்டுநரற்ற கார்கள் பொதுமக்களை ஏற்றிச் சென்றன. வண்டியின் உருவமும் மாறுகிறது. 2014இல் கூகுள் காட்டிய சிறு காரில் ஸ்டீயரிங்கும் இல்லை, பிரேக் மிதியும் இல்லை. ஸூக்ஸ் வண்டியில் பயணிகள் எதிரெதிரே அமர்கிறார்கள். அதற்கு முன், பின் என்பதே கிடையாது. வால்வோ 2018இல் காட்டிய ‘வேரா’ என்னும் சரக்கு வண்டியில் கேபினே இல்லை.

கேபின் இல்லாத லாரி என்பதை ஆட்டையாம்பட்டியில் இருந்துகொண்டு நினைத்துப் பார்ப்பது எளிதன்று. இங்கிருந்து மல்லசமுத்திரம் வழியாகச் சென்றால் திருச்செங்கோடு. அதற்கப்பால் நாமக்கல், சங்ககிரி. நாமக்கல், திருச்செங்கோட்டுப் பட்டறைகளுக்குச் சேசிஸ் வெற்றுடம்பாக வந்து சேரும். தச்சரும் வெல்டரும் பெயின்டரும் அதற்குக் கூடு கட்டுவார்கள். அந்தக் கூட்டில் இருக்கைக்குப் பின்னே படுக்கப் பலகை, தலைக்கு மேலே சாமி படங்கள், நெற்றியில் பிள்ளைகளின் பெயர்கள். மாதத்தில் பாதி நாளுக்கு அதுதான் ஓட்டுநரின் வீடு. எங்கள் வகுப்புகளில் அந்தப் பெயர்களுக்குரிய பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்த வீட்டுக்கு ஒரு சிறு வசதி வந்ததே அண்மையில்தான். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் குளிர்சாதனம் கட்டாயம் என்று 2023இல் மத்திய அரசு அறிவித்தது. எஞ்சின் சூட்டில் தலைமுறைகள் வெந்தபின் கேபின் குளிர்கிறது. அதே காலத்தில் வேறெங்கோ கேபினே தேவையில்லை என்று வரைபடம் போடுகிறார்கள்.

வேலையிழப்பைக் காரணம் காட்டி, ஓட்டுநரற்ற கார்களை இந்தியாவில் அனுமதிக்கப் போவதில்லை என்று அமைச்சர் நிதின் கட்கரி 2017இலும் 2023இலும் சொன்னார். அது ஆறுதல்தான், ஆயினும் அந்த ஆறுதலில் தங்கிவிட முடியாது. 2022இல் மட்டும் நம் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். உறங்காத, குடிக்காத ஓர் இயந்திரம் அந்த எண்ணைக் குறைக்குமென்றால், வேண்டாம் என்று எந்த முகத்தோடு சொல்வது?

ஆனால் லாரி ஓட்டுவது ஸ்டீயரிங்கைத் திருப்புவது மட்டுமன்று. தார்ப்பாய் இழுத்துக் கயிறு கட்டுவதும், இரவில் சரக்கைக் காப்பதும், பஞ்சரான டயரை மாற்றுவதும், சோதனைச்சாவடியில் பேசி மீள்வதும், விபத்தில் கிடப்பவனுக்காக வண்டியை ஓரங்கட்டுவதும் அதில் அடங்கும். வண்டியை வடிவமைப்போர் ஓட்டுநரைச் சக்கரத்தைத் திருப்பும் இரு கைகளாகச் சுருக்கிவிட்டால், அவரை நீக்குவது எளிய கணக்காகிவிடும். அவர் செய்துவந்த மற்ற வேலைகளை யார் செய்வது, அவருக்கு எந்த வேலையைக் கற்றுத் தருவது என்பவற்றையும் அந்த வரைபடத்தோடு சேர்த்தே கேட்டாக வேண்டும். இயந்திரம் வந்து சேர்ந்தபின் கேட்டால், பதில் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள்.